சீமைக்கருவையும் கண்மாயும் நம் பிழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்ச் சீரமைப்புக் கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். எந்த ஊரானாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் பேச்சு சீமைக்கருவையில் வந்து நின்றுவிடும். விவசாயி ஒன்று கேட்பார், ஆடு வைத்திருக்கும் அக்கா வேறொன்று கேட்பார். விறகைச் சுட்டுக் கரியாக்கக் கரிமூட்டம் போடுகிறவர் கடைசி வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கூட்டம் கலையும்போது தனியாக வந்து கேட்பார். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது நம்ம ஊரு மரம்தானே? எங்க தாத்தா காலத்துலயே இருந்துச்சே.

தாத்தா காலத்தில் இருந்திருக்கும். ஆனால் நம் ஊர் மரம் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வட பகுதி, இவைதான் அதன் பூர்வீகம். பிரிட்டிஷ் காலத்தில், 1870களில், அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா பகுதியில் விதைத்தார்கள். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு பல காலகட்டங்களில் வேலிக்கும் விறகுக்கும் பரப்பியிருக்கிறார்கள். வேலிக்காத்தான், வேலிக்கருவை என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான்.

நம் ஊர் மரம் கருவேலம். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போன கட்டை அது. இரண்டும் வேறு வேறு. கூட்டத்தில் 'கருவை' என்று ஒரே சொல்லில் பேசிவிட்டு, ஜேசிபிக்காரரிடமும் 'கருவையை எடு' என்று சொல்லிவிட்டு வந்தால், சீமைக்கருவையோடு நாட்டுக் கருவேலமும் போய்விடும். அப்படிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

ஆக்சிஜனை உறிஞ்சுது, காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குது, மாடு மலடாகுதுன்னு வாட்ஸப்புல வருதே, நிஜமா?

இல்லை. எல்லாப் பச்சை மரங்களையும் போல அதுவும் பகலில் கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது என்பதும் அப்படித்தான்.

இந்தப் பொய்களை ஏன் மறுக்கிறேன் என்றால், உண்மையான காரணங்களே போதுமான அளவுக்கு இருக்கின்றன. பொய்யை நம்பி மரத்தை வெட்டியவர், அது பொய் என்று தெரிந்த அன்றைக்கே வெட்டுவதை விட்டுவிடுவார்.

அப்ப அதை எதுக்கு எடுக்கணும்?

முதல் காரணம் கண்மாய். வரத்துக்காலில் சீமைக்கருவை மண்டினால் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேராது. தண்ணீர் தேங்கும் உள்வாயில் மண்டினால் வண்டல் தங்கி மேடாகி, கொள்ளளவு குறையும். கரையில் நின்றால் வேர் பாய்ந்த இடத்தில் கசிவு எடுக்கும். ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாத அளவுக்குப் பெரிய நீர்ப்பரப்பு என்று பொருள். அப்படிப் பேரெடுத்த மாவட்டத்தில், கண்மாய்க்குள் நின்று எதிர்க்கரையைப் பார்க்க முடியாதபடி முள் மறைத்திருக்கும் ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன.

இரண்டாவது, அதன் வேர். இதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டும்போது 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அவ்வளவு ஆழம் போகாது, தேவையும் இல்லை. நம் கண்மாயில் ஈரம் மேலாகவே இருக்கிறது. கோடையில் மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும்போது இது மட்டும் பச்சையாக இருக்கிறதே, அந்தப் பச்சை நிலத்தடி ஈரத்திலிருந்து வருகிறது. மூன்றாவது, இதன் அடியில் புல்லும் நாட்டுச் செடிகளும் எளிதில் வருவதில்லை. உதிர்ந்த இலையும் அடர்ந்த நிழலும் மற்றதை அமுக்கிவிடும். மேய்ச்சல் நிலம் அப்படித்தான் போயிற்று.

இவ்வளவு வேகமா எப்படிப் பரவுச்சு? யாரும் நடலையே.

நாம்தான் நட்டோம், தெரியாமல். சித்திரை, வைகாசியில் நெற்று மஞ்சளாகப் பழுத்து உதிரும். நன்றாக இனிக்கும். அந்த நேரத்தில் வேறு தீவனம் இருக்காது, ஆடும் மாடும் தேடித் தேடித் தின்னும். விதையின் கெட்டி ஓடு வயிற்றுக்குள் போய் இளகி, சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வரும். எருவும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. மழை விழுந்ததும் முளை வந்துவிடும்.

நம் பக்கம் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். இரவு முழுக்க ஆட்டை வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நெற்று தின்ற ஆடு அடைந்த வயலில் மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், கிடை போட்ட இடம் எதுவென்று முளைகளே காட்டிக்கொடுக்கும். இதற்காகக் கிடையைக் குறை சொல்ல வேண்டாம். ஆடு நன்றாக மென்று தின்பதால் பல விதைகள் நசுங்கிவிடுகின்றன, மாட்டின் வழியாகத்தான் அதிக விதை உயிரோடு வருகிறது. நெற்று உதிரும் மாதங்களில் எங்கே மேய்த்து எங்கே அடைக்கிறோம் என்பதைக் கவனித்தால் பாதிப் பரவல் நிற்கும். தரிசாகக் கிடக்கும் நிலமும் ஒரு காரணம். உழுகிற நிலத்தில் முளை தலையெடுக்காது. மிளகாயும் நெல்லும் போட்ட நிலத்தை மழையும் கூலியும் கைவிட்டதால் போட்டபடி விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனோம். அந்த இடத்தில் கருவை வந்தது.

நெத்து ஆட்டுக்கு நல்ல தீவனம்தானே? கோடையில அதுவும் இல்லன்னா ஆடு செத்துப்போகும்.

இந்தக் கேள்வியை ஒரு அக்கா கேட்டபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமே இல்லை. நெற்றில் சர்க்கரையும் புரதமும் உண்டு, கோடையில் அது பெரிய ஆதரவு. ஆனால் அதையே முழு இரையாகத் தின்றால் கெடுதல். கென்யாவில் பாரிங்கோ என்று ஒரு பகுதி. 1980களில் வளர்ச்சித் திட்டம் ஒன்றின் பேரில் இந்த மரத்தை அங்கே கொண்டுபோனார்கள். 2006இல் அந்த மக்கள் அரசின் மீது வழக்குப் போட்டார்கள். நெற்றைத் தின்று தின்று பல் போன ஓர் ஆட்டையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. உப்புப் பாலை உள்ளே வராமல் தடுக்க 1961இல் வனத்துறை சுமார் 31,550 ஹெக்டேரில் சீமைக்கருவையை நட்டது. அங்கே மால்தாரி மேய்ப்பர்கள் காங்க்ரேஜ் மாடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மாடுகள் நெற்றால் நோய்ப்பட்டன, எருமைகள் ஓரளவு தாங்கின. காலப்போக்கில் மக்கள் எருமைக்கு மாறிவிட்டார்கள். ஒரு மரம் ஒரு சமூகத்தின் தொழுவத்தையே மாற்றிவிட்டது.

நெற்றைப் பொறுக்கி, காயவைத்து, அரைத்து, மற்றத் தீவனத்தோடு ஒரு பங்காகக் கலந்து கொடுப்பதுதான் வழி. அரைத்தால் விதை செத்துவிடும். ஆட்டுக்கும் தீவனம், பரவலும் இல்லை. சுயஉதவிக் குழுக்கள் செய்யக்கூடிய வேலை இது.

இதை வெட்டிக் கரி போட்டுத்தான் நாங்க சாப்பிடுறோம். மரம் போனா நாங்க எங்க போறது?

கூட்டம் கலையும்போது வருகிற கேள்வி இது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் என்பது ஒரு பொருளாதாரம். வெட்டுக்கூலி, மூட்டம் அடுக்குகிறவர், காவல் இருப்பவர், சாக்கு பிடிப்பவர், லாரி, வியாபாரி என்று பலர் அதை நம்பி இருக்கிறார்கள். மழை பொய்த்த வருடங்களில் இந்த ஊர்களில் அடுப்பு எரிந்தது கருவையால்தான். அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

மூட்டம் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். கட்டைகளை நிமிர்த்தி நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போர்த்தி, அதற்கு மேல் ஈர மண் பூசுவார்கள். தீ வைத்த பிறகு காற்று அளவோடுதான் உள்ளே போக வேண்டும். முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், அது கட்டையின் ஈரம். நாளாக ஆகப் புகை மெலிந்து நீலம் தட்டும், உள்ளே கரி விளைந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். ஒருமுறை கமுதிப் பக்கம் ஒரு மூட்டத்தருகே இரவு தங்கினேன். காவல் இருந்த அண்ணன் அரை மணிக்கு ஒருதரம் எழுந்து, டார்ச்கூட அடிக்காமல், புகை வருகிற இடத்தை மூக்கால் கண்டுபிடித்து ஒரு கை மண்ணை அப்பிவிட்டு வந்து படுத்தார். நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி எடுப்பதே பெரிய விஷயம்.

அதற்காக இந்தத் தொழிலைக் கொண்டாடவும் முடியாது. புகை நெஞ்சைக் கெடுக்கும், முள் குத்திய இடம் சீழ் பிடிக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு மூட்டத்தடியிலேயே குடும்பத்தோடு தங்கி, கடன் தீராமல் வருடக்கணக்கில் உழைப்பவர்களும் உண்டு. அப்படிக் கட்டிவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். மரம் போகக் கூடாது என்று இவர்கள் சொல்வது வேறு வேலை இல்லாததால்தான். இந்த வேலை நல்ல வேலை என்று அவர்களே சொல்வதில்லை.

அப்ப சரி, வெட்டி வித்தே ஒழிச்சிடலாமே? கரிக்கு வெட்ட வெட்டக் குறையும்ல?

குறையாது. கரிக்காரர் தரைக்கு மேலே வெட்டுவார். தூரிலிருந்து பல கிளைகள் வெடித்து, மூன்று நான்கு வருடத்தில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். செலவே இல்லாத விளைச்சல். அதனால்தான் சில நில உரிமையாளர்கள் தரிசைக் கருவைக்கே விட்டுவைத்திருக்கிறார்கள். விலை கிடைக்கும் ஒரு மரத்தை ஒழிக்க அதை வைத்துச் சம்பாதிப்பவர் முன்வர மாட்டார். அது அவர் குற்றம் இல்லை.

பன்னியில் இதற்கு ஒரு அனுபவம் உண்டு. கரி போட இருந்த தடையை 2004இல் நீக்கினார்கள். கரித் தொழில் பெருகியது. 2008இல் மறுபடி தடை வந்தது. வெட்டுவதற்கு மட்டும் காசு என்றால் மரம் நிலைத்துவிடும். தூரோடு எடுத்து, நிலத்தை வேறு பயனுக்குக் கொண்டுவருவதற்கும் காசு கிடைத்தால்தான் போகும். ஏலம் விடும் ஊராட்சிகள் 'தூரோடு எடுத்து, குழியை மூடித் தர வேண்டும்' என்று நிபந்தனை போட்டு, அதற்கேற்பத் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏலத்தொகை குறைகிறதே என்று யோசித்தால், மூன்று வருடத்தில் மறுபடி அதே கருவையை ஏலம் விட்டுக்கொண்டிருப்போம்.

கோர்ட்டே எடுக்கச் சொல்லிடுச்சே, ஏன் இன்னும் நிக்குது?

2015இல் வைகோ தொடுத்த பொதுநல வழக்கில், 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் சீமைக்கருவையை அகற்ற உத்தரவிட்டது. அந்த மாதங்களில் எங்கு பார்த்தாலும் ஜேசிபி ஓடியது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்தால் சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆராயாமல் செய்யக் கூடாது என்ற வாதம் எழுந்தது. அதே வருடம் ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு வழக்கு நீண்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் சேர்த்து ஒரு கொள்கையை வெளியிட்டது. எடுப்பதோடு நிற்காமல் அந்த நிலத்தை மீட்பதும் அதில் உண்டு.

உத்தரவு போட்டால் மரம் போய்விடும் என்று நாம் நினைத்ததுதான் கோளாறு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஜேசிபி வெச்சு ஒரே வாரத்துல எடுத்தோம். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியா வந்துடுச்சு. என்ன தப்பு பண்ணினோம்?

எடுத்தது தப்பில்லை, அன்றைக்கே விட்டுவிட்டு வந்ததுதான் தப்பு. மண்ணுக்குள் வருடக்கணக்கில் விதை உயிரோடு கிடக்கும். ஜேசிபி மண்ணைக் கிளறி, நிழலை நீக்கி, அந்த விதைகளுக்கு வெயிலைக் கொடுத்துவிட்டது. மேலே சொன்ன மாட்டுச்சாணி விதைகளும் சேர்ந்துகொண்டன. மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது, முளை ஒரு சாண் உயரத்தில் கையாலேயே வேரோடு வந்துவிடும். அதே முளை அடுத்த கோடையைத் தாண்டினால் கடப்பாரை வேண்டும், அதற்கடுத்த வருடம் ஜேசிபி வேண்டும். ஆகவே நான்கைந்து மழைக்காலம் தொடர்ந்து முளை பிடுங்க ஆள் வேண்டும். இந்த ஆள்கூலியை முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதாத எந்தச் சீரமைப்பும் நிற்காது என்பது என் அனுபவம்.

அந்த வேலையை நூறு நாள் வேலையில செய்ய முடியாதா?

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த அந்தத் திட்டத்தில் ஒப்பந்தக்காரரும் கிடையாது, ஆள்வேலையைப் பறிக்கும் எந்திரமும் கூடாது. பெரிய தூரைக் கடப்பாரையால் எடுக்கச் சொல்வது கொடுமை. அதனால் மேலே வெட்டிவிட்டுக் கணக்கு முடித்த இடங்கள் உண்டு. முளை பிடுங்குவதோ கைவேலை. பெண்கள் மிகச் சரியாகச் செய்வார்கள். தூரை ஏலத்திலோ எந்திரத்திலோ எடுத்துவிட்டு, முளை பிடுங்குவதையும் கன்று காப்பதையும் அரசு வேலைத் திட்டத்தில் சேர்ப்பதுதான் பொருத்தம். இப்போது உங்கள் ஊரில் நடப்பில் உள்ள விதியை ஊராட்சியில் கேட்டுத் தீர்மானமாக எழுதுங்கள்.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளத்துல கருவை மேலதான் கொக்கும் நாரையும் கூடு கட்டுது. எடுத்தா பறவை வருமா?

அருமையான கேள்வி. இவை இரண்டும் ராமநாதபுரம் மாவட்டப் பறவைகள் சரணாலயங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்றவை. நாட்டுக் கருவேலம் குறைந்த இடத்தில் பறவைகள் சீமைக்கருவையில் கூடு கட்டப் பழகிவிட்டன. முள் பாதுகாப்பு, கீழே தண்ணீர். அங்கே ஒட்டுமொத்தமாக எடுத்தால் அடுத்த பருவத்தில் கூடு கட்ட இடம் இருக்காது. முதலில் நாட்டுக் கருவேலம் வளர்ந்து கிளை விட வேண்டும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக, கூடு இல்லாத மாதங்களில் எடுக்க வேண்டும். சரணாலயத்துக்குள் இது வனத்துறையின் வேலை, ஊர்க்காரர்கள் இறங்கக் கூடாது.

கோடியக்கரையில் கதை நேர்மாறு. அங்கே வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், சீமைக்கருவை அதை மூடிக்கொண்டே வந்தது. அங்கே எடுத்த இடத்தில் எந்த மரமும் வைக்கக் கூடாது, புல்தான் வர வேண்டும்.

எடுத்த இடத்துல என்ன மரம் வைக்கிறது?

இப்போது சொன்ன வெளிமான் நிலத்தை மறக்க வேண்டாம், எல்லா நிலமும் மரம் கேட்பதில்லை. கண்மாய்க் கரையில் பனை. உள்வாய் ஓரத்தில் நாட்டுக் கருவேலம், நீர்க்கடம்பு. கரைக்கு வெளியே வேம்பு, புங்கம், இலுப்பை. வறண்ட மேட்டில் உடை, வன்னி. வன்னி சீமைக்கருவைக்குச் சொந்தக்கார மரம்தான், ஆனால் பக்கத்தில் பயிரை வளரவிடும். உங்கள் பட்டா நிலம் என்றால் உழுது பயிர் வைப்பதே சிறந்த காவல். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கண்மாயில் தண்ணீர் நின்று, மிளகாய்க்கு விலையும் நின்றால் யாரும் நிலத்தைக் கருவைக்கு விட மாட்டார்கள்.

பிழைப்பும் கெடாம நிலமும் மீண்ட இடம் வேற எங்கயாவது இருக்கா?

முழுதாக முடிந்த கதை எதுவும் இல்லை, நல்ல முயற்சிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் அயல் மரங்களை அகற்றுவதையே ஏழைகளுக்கான வேலைத் திட்டமாக நடத்தினார்கள். நீர் மீட்பும் கூலியும் ஒரே கணக்கில். அங்கே இந்த மர வகையைக் கட்டுப்படுத்த, விதையை மட்டும் தின்னும் வண்டுகளைத்தான் விட்டார்கள். நெற்றை நம்பியிருந்த கால்நடைக்காரர்களுக்குத் தீவனம் இல்லாமல் போய்விடக் கூடாது என்பது அதில் ஒரு காரணம்.

நம் நீலகிரியின் கூடலூரில், இதே போல் அயலிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியின் குச்சிகளை எடுத்துப் பழங்குடிக் கலைஞர்கள் ஆளுயர யானைகளே செய்கிறார்கள். லண்டன் பூங்காக்கள் வரை அவை போயின. நீலகிரிக் காடுகளில் மஞ்சள் கொன்றை என்ற இன்னொரு அயல் மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். எல்லாவற்றிலும் எனக்கு ஒரே கவலைதான்: செடி தீர்ந்த பிறகு அந்த ஆட்களுக்கு என்ன வேலை என்பதை எடுக்கும்போதே பேச வேண்டும்.

எங்க ஊரு கண்மாய்ல எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

வரத்துக்காலில் தொடங்குங்கள். முழுக் கண்மாயையும் தொட வேண்டாம், முளை பிடுங்க ஆள் கிடைக்கும் அளவு இடத்தை மட்டும் எடுங்கள். நெற்று உதிரும் முன், பங்குனிக்குள் தூரை எடுத்துவிடுங்கள். ஏல நிபந்தனையை மேலே சொன்னபடி எழுதுங்கள். வெட்டுகிற வேலையை வெளியூர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல், உங்கள் ஊரில் மூட்டம் போடுகிறவர்களிடமே கூலி பேசிக் கொடுங்கள். தூர் எந்தப் பக்கம் சாயும், வேர் எவ்வளவு போகும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

இதைப் பேசும் ஊர்க்கூட்டத்துக்கு, மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி, கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள், ஆடு வைத்திருப்பவர்கள், கரிக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். கரிக்காரர்களை முதலில் பேசவிடுங்கள்.